கண்ணாடிக்கு வெளியே நின்ற வைரவர்

அக்காவின் மகள் மூன்றாவது தடவையாகப் பிள்ளைத்தாச்சியாக இருந்தாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இந்த முறை நான்காம் மாதம் கடந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய்விட்டுக் கதைப்பதில்லை. யாராவது எத்தனை மாதம் என்று கேட்டால் அக்கா பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். தொலைபேசி அடித்தால் உடனே எடுக்கமாட்டார். அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுப்பார். கை ஈரமாக இல்லாவிட்டாலும் துடைப்பார்.

அக்காவும் அத்தானும் மகளும் இருப்பது வலிகாமத்தில், கீரிமலைப் பக்கத்தில், இராணுவம் பல வருடங்கள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த எங்கள் காணியில். மகளின் கணவருக்குக் கொழும்பில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். இடம்பெயர்ந்தபோது நாங்கள் அங்கே விட்டுவந்தது ஒரு கல்வீடு. திரும்பிப் போனபோது அத்திவாரமும், கல்லும் குப்பையும் கொட்டி மூடிய கிணறும், ஒரு வேப்பமரமும் இருந்தன. கதவு, யன்னல், ஓடு, கூரைமரம் எதுவும் இல்லை. வேம்பின் அடியில் நின்ற வைரவர் சூலமும் இல்லை.

எங்கள் பக்கத்தில் அநேகமான வளவுகளில் ஒரு மூலையில், ஒரு மரத்தின் கீழ், இரும்புச் சூலம் ஒன்று நட்டிருக்கும். அதுதான் அந்த வளவின் காவல். வெள்ளிக்கிழமைகளில் விளக்கு, வருடத்துக்கு ஒரு பொங்கல், வடைமாலை. பெரிய கோயிலுக்கு வைத்த நேர்த்தி பிந்தினால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். வளவு வைரவரோடு அப்படி விளையாடுவதில்லை. அவரை அன்பானவர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பொல்லாதவர் என்றுதான் சொல்வார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி.

"காவல் இல்லாத வளவிலை பிள்ளை எப்பிடித் தங்கும்?" என்றார் அக்கா.

"புதுசா ஒண்டு அடிச்சு வைப்பமே," என்றார் அத்தான்.

"பேந்து பழைய ஆள் வந்து, என்ரை இடத்திலை நிக்கிறது ஆரெண்டு கேட்டால், நீங்களோ மறுமொழி சொல்லுவியள்?"

அத்தான் பத்திரிகையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் இவற்றை நம்புகிறவன் அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு இடத்தில் உறுதிப்படுத்தாமல் ஒரு செய்தியையும் விடக்கூடாது என்பதுதான் எனக்குப் பழகிய வேதம். ஆனால் முதல் இரண்டு குழந்தைகளும் ஏன் போயின என்று வைத்தியர்களும் சொல்லவில்லை. காரணம் இல்லாத இடத்தில் அக்காவின் காரணம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எழுப்பிவிட்டு உட்காரவைக்க என்னிடம் வேறொன்று இருக்கவில்லை.

அந்த மாதங்களில்தான் கரவெட்டியைச் சேர்ந்த ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். நுண்கலை படித்தவர், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். குருநகரில் கடலுக்குக் கிட்ட ஒரு பழைய பண்டகசாலையை எடுத்து அதில் கண்காட்சி ஒன்று வைக்கப்போவதாகச் சொன்னார். அவருடைய விஷயம் நூதனசாலைகள்.

"அண்ணை, ஒரு சாமான் கண்ணாடிக்குள்ளை போன உடனை அது ஆரின்ரை எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. வடிவாயிருக்கு எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவினம். நான் அதைத்தான் கேக்கப்போறன்."

நகரத்தில் விடுதி வைத்திருக்கும் ஒரு முதலாளி, விடுதியின் கீழ்த்தளத்தைச் சிறிய நூதனசாலையாக்கி வைத்திருந்தார். சித்திரவேலைக் கதவுகள், பெட்டகங்கள், பித்தளைப் பாத்திரங்கள், மூக்கு உடைந்த ஒரு தேவாலயச் சொரூபம், சுவரோரமாக ஒரு வரிசை சூலங்கள். அவற்றில் சிலவற்றைக் கண்காட்சிக்கு இரவல் தரச் சம்மதித்திருந்தார். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் வைக்கும் குறிப்பை நான் எழுதவேண்டும்.

"தெரிஞ்சதை மட்டும் எழுதுங்கோ அண்ணை. தெரியாததுக்கு இடம் விட்டுவிடுங்கோ."

எழுதினேன். ஒரு சூலத்துக்கு எழுதியது இது: 'சூலம். இரும்பு. கழுத்தில் பிற்காலத்தில் உருக்கி ஒட்டிய திருகாணி நட்டு ஒன்று உண்டு. ஒரு பக்க முனை வளைந்தது. வலிகாமம். உரியவர்:' அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பத்திரிகையில் வெற்றிடம் வந்தால் அது அச்சுப்பிழை, அல்லது தணிக்கை. அவருக்கு அந்த வெற்றிடம்தான் தேவையாயிருந்தது.

கண்காட்சியைத் திறந்த அன்று அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்குள்ளேயே பயந்துகொண்டிருப்பவருக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மண்டபத்தில் மணல் பரப்பி, பொருட்களை எந்தத் தடுப்பும் இல்லாமல் மணலில் நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் வாசலைப் பார்த்து நின்றன, வீட்டுக்குப் போக வரிசையில் நிற்பவர்கள் மாதிரி. கண்ணாடியைப் பார்க்க வருகிறவர்களுக்கு வைத்திருந்தார்கள். ஆளுயரத்தில் ஒடுக்கமான கண்ணாடிக் கூடு ஒன்று மண்டபத்தின் நீளத்துக்குப் போனது. நாம் அதற்குள்ளே நடந்துகொண்டு வெளியே நிற்கும் பொருட்களைப் பார்க்கவேண்டும்.

"இதென்னடி, எங்களை மீன் தொட்டிக்குள்ளை விட்ட மாதிரி," என்றார் எனக்கு முன்னால் போன ஒரு ரீச்சர்.

"பேசாமல் நடவுங்கோ. அந்தச் சொரூபம் எங்களைத்தான் பாக்குது," என்றார் கூட வந்தவர்.

கூட்டின் முடிவில் விடுதி முதலாளி நின்றார். உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் கமராவைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலாளி கெட்ட மனிதர் என்று நான் எழுதமாட்டேன். அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை.

"பழைய இரும்புக்காரர் லொறியிலை ஏத்தி வச்சிருந்ததுகள். நான் மறிச்சு வாங்காட்டில் இண்டைக்கு உதுகள் கம்பியாப் போயிருக்கும். எண்ணெய் பூசித் துடைச்சு வடிவாப் பாக்கிறன். ஆர் வந்து என்ரை எண்டு அடையாளம் சொன்னாலும் குடுப்பன். வாறதுக்குத்தான் ஒருத்தரும் இல்லை."

எனக்குப் பின்னால் வந்த அக்கா கண்ணாடிக்குள் அப்படியே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் முட்டுப்பட்டார்கள். பிறகு வேகமாக வெளியே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மணலில் இறங்கினார். நட்டு ஒட்டிய அந்தச் சூலத்தின் முன்னால் போய் நின்றார். பிறகு அதன் பின்பக்கமாகச் சுற்றி வந்தார்.

"ஐயா, இது எங்கடை."

கமரா திரும்பியது. முதலாளி சிரித்துக்கொண்டே, "என்ன அடையாளம் அம்மா?" என்றார்.

"இடப்பக்க முனை வளைஞ்சது. புயலுக்கு வேப்பங்கொப்பு முறிஞ்சு விழுந்தது. நான் அப்ப சின்னப்பிள்ளை. என்ரை கண்ணாலை பாத்தது."

அவர் சொன்ன புயலும் கொப்பும் எனக்கும் ஞாபகம். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வளைந்திருந்தது வலப்பக்க முனை. அக்காவின் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அக்கா, சூலத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை. அங்காலை நிண்டு பாத்தால் இடது. இங்காலை நிண்டு பாத்தால் வலது. எங்கடையிலை உப்பிடி நட்டு ஒட்டியிருந்ததோ?"

"இத்தினை வருசத்திலை ஆரும் ஒட்டியிருப்பினம்."

"வலிகாமத்திலை முனை வளைஞ்ச சூலம் ஒண்டுதானோ இருந்தது?"

அக்கா என்னைப் பார்த்தார். அவருடைய மேலுதடு வியர்த்திருந்தது. "உனக்குப் பத்திரிகைப் புத்தியடா தம்பி. தெய்வத்துக்கும் ரெண்டாவது சாட்சி கேக்கிறாய். என்ரை பிள்ளை அங்கை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு படுத்திருக்கிறாள்."

நான் அவருடைய கையை விட்டேன். கமராவின் முன்னால் சொன்ன சொல்லை முதலாளியாலும் மீறமுடியவில்லை. கரவெட்டிப் பெண் அழுதார். அவருடைய கேள்விக்கு இவ்வளவு விரைவில் ஒருவர் உயிரோடு வந்து பதில் சொல்வார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சூலம் நின்ற இடத்தில் மணலில் ஒரு குழி இருந்தது. அதை மூடவேண்டாம் என்று உதவிக்கு நின்றவர்களிடம் சொன்னார். கண்காட்சி முடியும்வரை அந்தக் குழியையும் நான் எழுதிய குறிப்பையும் சனம் கண்ணாடிக்குள் நின்று பார்த்தது.

சூலத்தை வெள்ளைத் துணியில் சுற்றி ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். வேம்பின் கீழ் நட்டு, பொங்கி, வடைமாலை சாத்தினார் அக்கா. அதன் பிறகு அவர் தொலைபேசியைக் கை துடைக்காமல் எடுக்கத் தொடங்கினார். மகளுக்கு ஐந்தாம் மாதம் போனது, ஆறாம் மாதம் போனது, ஏழும் போனது. பயம் போய்விட்டது என்று சொல்லமுடியாது. அது வாசல் படலைக்கு வெளியே போய் நின்றது.

குழந்தை வந்தால் தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீர் நினைத்த நேரம்தான் வரும். மூடிக்கிடந்த கிணற்றைத் தூர் எடுப்பிக்கலாம் என்று அத்தான் தீர்மானித்தார். காணியில் மிதிவெடி அகற்றியவர்கள் நிலத்தைத்தான் பார்த்தார்கள், கிணற்றுக்குள் இறங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு காலமும் அதைத் தொடாமல் விட்டிருந்தோம். கிணறு வெட்டுகிறவர்கள் இரண்டு பேர் வந்து சில நாட்களாகக் கல்லும் மண்ணும் வாளியில் ஏற்றினார்கள். சேறு வரத் தொடங்கிய அன்று நானும் அங்கே இருந்தேன்.

கீழே குத்திய அலவாங்கு எதிலோ பட்ட சத்தம் கேட்டது. கல்லில் படும் சத்தம் அல்ல. ஒரு மணியை மண்ணுக்குள் புதைத்துவைத்து அடித்தது போல இருந்தது. கீழே நின்றவர் பேசுவதை நிறுத்தினார். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவரும் அசையவில்லை.

"அண்ணை," என்று கீழேயிருந்து குரல் வந்தது, மிக மெதுவாக. "இரும்பு."

"என்ன மாதிரி?"

"நீட்டு. சாக்காலை சுத்தியிருக்கு. கயிறு கட்டியிருக்கு."

எங்கள் ஊரில் கிணற்றுக்குள் சாக்கில் கட்டிய இரும்பு என்றால் அது என்ன என்று யாரும் விளக்கவேண்டியதில்லை. மேலே நின்றவர்தான் சொன்னார்: "அலவாங்கை அப்பிடியே விட்டுட்டு வா. இழுக்காதை. மெல்ல ஏறு."

அவர் ஏறி வந்ததை நான் பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் காலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாரத்தை வைத்தார். மேலே வந்ததும் நிலத்தில் குந்தி வாந்தி எடுத்தார்.

அக்காவின் மகளால் ஓட முடியாது. கதிரையோடு தூக்குவோமா என்றார் அத்தான்; வேண்டாம் என்று அவளே எழுந்து நடந்தாள். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாசலிலிருந்து ஒழுங்கை திரும்பும் முடக்குவரை அந்த நடை முடியாது போலிருந்தது. அவளுடைய விரல்கள் என் மணிக்கட்டில் இறுகின. "மாமா, கிணத்தைப் பாக்காதையுங்கோ, றோட்டைப் பாருங்கோ," என்றாள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பொலிசுக்குச் சொன்னோம். அவர்கள் இராணுவத்தின் வெடிபொருள் பிரிவுக்குச் சொன்னார்கள். அவர்கள் வரும்வரை ஒழுங்கை முடக்கில் ஒரு மதிலோடு ஒட்டி இருந்தோம். அக்காவின் மகள் வயிற்றின் இரண்டு பக்கமும் கையை வைத்திருந்தாள். அக்கா உதட்டை அசைத்து வைரவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வந்தவர்கள் நெடுநேரம் கிணற்றடியில் நின்றார்கள். கடைசியில் ஒரு இளம் அதிகாரி ஒழுங்கைக்கு வந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார். நானும் அக்காவும் போனோம்.

யூரியாப் பை ஒன்றை வெட்டி விரித்திருந்தார்கள். அதற்குள் ஒரு குத்துவிளக்கு, இரண்டு செம்பு, தண்ணீர் குடிக்கும் ஒரு மூக்குப்பேணி. செம்புகளில் எங்கள் அப்பாவின் பெயரின் முதலெழுத்து வெட்டியிருந்தது. அவற்றின் நடுவில், வேட்டித் துணியால் சுற்றியபடி, ஒரு சூலம்.

ஓடும்போது பித்தளைச் சாமான்களைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டுப் போவது அந்த நாட்களில் பலரும் செய்ததுதான். சில நாட்களில் திரும்பிவிடுவோம் என்று நினைத்தார்கள். அப்பா வைரவரையும் போட்டிருக்கிறார். தெய்வத்தைத் தண்ணீருக்குள் போட்டதை யாரிடமும் சொல்ல அவருக்குப் பயமாக இருந்திருக்கலாம். நாங்கள் திரும்புவதற்கு முன்பே அவர் வவுனியாவில் இறந்துவிட்டார்.

சூலத்தின் ஒரு முனை வளைந்திருந்தது. எங்கள் ஞாபகத்தில் இருந்த அளவுக்கு இல்லை. ஒரு விரலகலம் இருக்கும்.

அதிகாரி பழகிய தமிழில் கேட்டார்: "அம்மா, இது உங்கட சாமியா?"

அக்கா வேம்பின் பக்கம் பார்த்தார். அதிகாரியும் பார்த்தார். அங்கே மற்றச் சூலம் சந்தனமும் குங்குமமும் பூசி, வெள்ளிக்கிழமை போட்ட பூமாலை வாடியபடி நின்றது.

"அங்க ஒண்டு. இங்க ஒண்டு. ரெண்டும் உங்கடயா?"

சீருடையில் நிற்பவர் கேட்ட கேள்விக்கு எங்கள் ஊரில் யாரும் தாமதித்துப் பதில் சொல்வதில்லை. அக்கா தாமதித்தார்.

"ஓம்," என்றார்.

அவர்கள் போன பிறகு அக்கா நிலத்தில் இருந்துவிட்டார். அப்பாவின் வைரவரைக் கழுவி எடுத்து வந்து அத்தான் வேம்பின் கீழேயே மற்றதற்குப் பக்கத்தில் நட்டார். அவருக்குப் பகிடி விடாமல் இருக்கமுடியாது. "ஒரு ஆள் நிக்கேக்கையே உன்ரை அக்கா என்னை விடியக்காலமை எழுப்பி வாசல் முத்தம் கூட்டச் சொல்லுறா. ரெண்டு பேரெண்டால் நான் படுக்கிறதே இல்லை." யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

நட்டு ஒட்டிய சூலம் யாருடையது? இவ்வளவு நாளும் அது எந்த வீட்டுக் காவலாக எங்கள் வளவில் நின்றது? அவர்களுடைய வளவில் யார் நின்றார்? அக்கா இதை இந்தச் சொற்களில் கேட்கவில்லை. அவர் கேட்டது, "தம்பி, கோவத்திலை நிண்டதுக்கோ நான் பொங்கிப் படைச்சனான்?" என்பதுதான்.

கரவெட்டிப் பெண்ணுக்கு நான்தான் சொன்னேன். அன்றே பஸ் எடுத்து வந்தார். வேம்பின் முன்னால் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசற்படியில் வந்து இருந்தார்.

"முதலாளி இரும்புக்காரரிட்டை ஆரின்ரை எண்டு கேக்காமல் வாங்கினவர் எண்டு நான் எல்லாருக்கும் சொன்னன். நான் உங்களிட்டை என்னத்தைக் கேட்டனான்? அழுதுபோட்டுக் குடுத்திட்டன். இப்ப உரியவை வந்து கேட்டால் நான் என்ன சொல்லுறது அண்ணை?" அவர் மறுபடி வேம்பைப் பார்த்தார். "திரும்பக் கொண்டுபோய் அவரிட்டையே குடுப்பமோ? அங்கை நிண்டால் தேடுற ஆக்கள் வந்து காணுவினம்."

அக்கா குசினியிலிருந்து வெளியே வந்தார். "என்ன கதை கதைக்கிறாய் பிள்ளை? படையல் கண்ட தெய்வத்தைப் பேந்தும் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள்ளை அடைக்கிறதோ? என்ரை பிள்ளைக்கு நாள் நெருங்குது."

"அப்ப உரியவையைத் தேடுவம் அம்மா. பேப்பரிலை போடுவம்."

"போடலாம். பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியட்டும்." அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "அதுவரைக்கும் நான் வடிவாப் பாக்கிறன்தானே."

கரவெட்டிப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கண்ணாடிக் கூட்டின் முடிவில் முதலாளி சொன்ன அதே சொல். நான் வேப்பம்பழங்கள் விழுந்து கிடந்த நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தோம். வந்தது. ஆனால் அது யார் தந்தது என்ற கேள்வியும் கூடவே வந்தது. அப்பாவின் வைரவர் தந்திருந்தால் கடமை முடிந்தது. மற்றவர் தந்திருந்தால், வேறு ஒரு வீட்டுக்குப் போகவேண்டியதை நாங்கள் எடுத்துவிட்டோமா? குழந்தை தும்மினால் அக்கா வேம்பைப் பார்ப்பார். காய்ச்சல் வந்த ஒரு நாள் இரண்டு சூலத்தின் முன்னாலும் மாறி மாறி விழுந்து கும்பிட்டார், எதை முதலில் கும்பிடுவது என்று தெரியாமல்.

முப்பத்தொன்று கழிந்ததும் நான் பழகிய பத்திரிகையில் சிறிய அறிவித்தல் ஒன்று போட்டேன். வலிகாமத்தைச் சேர்ந்த ஒரு வைரவர் சூலம் எங்களிடம் இருக்கிறது, உரியவர்கள் அடையாளம் கூறவும். நட்டைப் பற்றி எழுதவில்லை. அதை வருகிறவர்கள் சொல்லவேண்டும்.

வந்தார்கள். படலை அசையும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பத்திரிகையில் இருந்த காலத்தில் நானும் படலைச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிடுவேன். ஆனால் அப்போது வருகிறவர்கள் கொண்டுபோவது என்னை மட்டும்தான். வந்தவர்கள் பார்த்தார்கள், தங்களுடையது இல்லை என்றார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் அக்காவின் மூச்சு கேட்கும்படி வெளியே வரும்.

பிறகு சுன்னாகத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். மனைவிக்கு அக்காவின் வயது இருக்கும். படலைக்கு வெளியே நின்றபடியே அந்த அம்மா கேட்டார்:

"கழுத்திலை ஒரு லொறி நட்டு இருக்கோ?"

நான் ஓம் என்றேன். உள்ளே குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"என்ரை மாமனார் லொறி ஓடினவர். சூலம் கழுத்திலை முறிஞ்சுபோச்சு. கறாச்சிலை கொண்டுபோய் நட்டு வச்சு ஒட்டினவர்." அவர் வேம்பின் கீழ் போய் நின்று, முழங்கையால் கண்ணைத் துடைத்தார். கணவர் கிட்ட வரவில்லை.

அக்கா வெளியே வந்தார், குழந்தை தோளில். "கொண்டு போங்கோ," என்றார். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "நாங்கள் தெரியாமல் வச்சிட்டம்."

"எங்கை அக்கா கொண்டு போறது?" என்றார் அந்த அம்மா. "எங்கடை காணி இன்னும் ஆமியின்ரை கம்பி வேலிக்குள்ளை. இப்ப இருக்கிறது சந்தைக்குப் பின்னாலை வாடகை வீடு. வீட்டுக்காரர் நாளைக்கு எழும்பு எண்டால் எழும்பவேணும். வாடகை வீட்டிலை வைரவரை நட ஏலுமே?"

"அப்ப?"

"இஞ்சையே நிக்கட்டும். காணி விட்ட உடனை வந்து கூட்டிக்கொண்டு போறம்."

காணி எப்போது விடுவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அது கேட்கிற கேள்வி அல்ல. அக்காவின் தோள் கொஞ்சம் இறங்கியது. அந்த அம்மா போகத் திரும்பியவர், நின்று, சூலத்தில் சாத்தியிருந்த மாலையைப் பார்த்தார்.

"என்ன படைக்கிறனீங்கள்?"

"பொங்கலும் வடைமாலையும்," என்றார் அக்கா. "நாங்கள் சைவம். ஒரு குறையும் விடேல்லை."

அந்த அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். கணவர் முதல்முறையாகப் பேசினார்: "எங்கடை ஆளுக்கு மச்சம். ஆட்டிறைச்சி, சாராயம், சுருட்டு. அப்பா காலத்திலையிருந்து அப்பிடித்தான். மரக்கறி ஒரு நாளும் வச்சதில்லை."

அக்கா குழந்தையின் தலையைக் கையால் மூடினார்.

"அப்ப இவ்வளவு நாளும்..."

"உங்களிலை பிழையில்லை," என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகப் பயத்தைத் தந்தது. "ஆனால் சின்னப்பிள்ளை இருக்கிற வீடு, அக்கா. பசியோடை வச்சிருக்காதையுங்கோ."

அவர்கள் போன பிறகு கரவெட்டிப் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் குறிப்பைத் தேடி எடுக்கும் தாள் சத்தம் கேட்டது. பிறகு, "அண்ணை, நாங்கள் எழுதின குறிப்பிலை இரும்பெண்டு இருக்கு, நட்டெண்டு இருக்கு," என்றார். "என்ன சாப்பிடுவார் எண்டு இடம்கூட விடேல்லை."

அக்காவின் குசினிக்குள் இறைச்சி வந்ததில்லை. அத்தான் இறைச்சிச் சட்டியைத் தொடவும் மாட்டார். வீட்டில் மச்சம் சாப்பிடுகிறவன் நான் மட்டும்தான். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நாளில் மச்சம் வேண்டாம் என்று, அடுத்த செவ்வாய்க்கிழமை பொழுதுபடும் நேரம், சுன்னாகத்தில் தெரிந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆட்டிறைச்சிக் கறி கட்டிக்கொண்டு, ஒரு கால்போத்தல் சாராயமும் சுருட்டும் வாங்கிக்கொண்டு போனேன். அப்பாவின் வைரவருக்கும் மற்றவருக்கும் நடுவில் அத்தான் ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தார், ஒருவர் சாப்பிடுவதை மற்றவர் பார்க்காமல். அக்கா குசினி வாசலில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றார், கிட்ட வரவில்லை.

"படைச்சுப்போட்டுத் திரும்பிப் பாராமல் வரவேணுமாம்," என்று அங்கிருந்தே சொன்னார். "அந்த அம்மா ரெலிபோனிலை சொன்னவ."

வாழையிலையை விரித்தேன். கறியை வைத்தபோது குழம்பு என் விரலில் வழிந்தது. சாராயத்தை ஊற்றியபோது கிளாஸ் போத்தலில் பட்டுத் தொடர்ந்து சத்தம் போட்டது. சுருட்டைப் பற்றவைக்க நான்கு குச்சி தேவைப்பட்டது. குசினி வாசலில் குழந்தை அழத் தொடங்கியது.

எழுந்தேன். எனக்குப் பின்னால் இலை அசைந்தது. காற்றாக இருக்கலாம், காகமாக இருக்கலாம், ஒழுங்கை நாயாக இருக்கலாம். வேலையில் இருந்த நாட்களில் என்றால் திரும்பிப் பார்த்து உறுதிப்படுத்திவிட்டுத்தான் அடுத்த வரியை எழுதியிருப்பேன். அக்கா குழந்தையை நெஞ்சோடு இறுக்கி, கண் இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய முகத்தை மட்டும் பார்த்தபடி நடந்து வந்தேன்.